திங்க்பேட் எக்ஸ்230-இல் கோர்பூட்: கிளிப் மாட்டியது முதல் லினக்ஸ் எழுந்தது வரை

லெனோவோவின் எக்ஸ்230 லேப்டாப் இப்போது கோர்பூட்டில் எழுகிறது. தயாரிப்பாளரின் பயாஸுக்குப் பதிலாகப் போடும் திறந்த மூல ஃபர்ம்வேர், அதாவது இயந்திரத்தைத் துவக்கும் நிரல், அது. வன்பொருள் விவரம் காட்டும் டிஎம்ஐடீகோட் கருவியை ஓட்டிப் பார்த்தால் பயாஸ் தயாரிப்பாளர் என்ற வரியில் கோர்பூட் என்றே வருகிறது. மூடியைச் சாத்தினால் தூங்குகிறது, திறந்தால் எழுகிறது. ஈதர்நெட், வைஃபை, திரை வெளிச்ச விசைகள் எல்லாம் சரி. எதை எந்த வரிசையில் செய்தால் இந்த நிலைக்கு வரலாம், எங்கே சிக்கும், ஏன் சிக்கும் என்பதே இந்தப் பதிவு. கம்பைல் செய்யும் பகுதி பலருக்கும் பழக்கமானது. நேரத்தை விழுங்குவது, பயாஸ் இருக்கும் ஃப்ளாஷ் சிப்பைப் பிழையில்லாமல் வாசிக்கும் பகுதிதான். அதனால் அதற்கே இங்கே அதிக இடம்.

இந்த மாடலைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. 2012-இல் வந்த இதில் இருப்பது இன்டெலின் ஐவி பிரிட்ஜ் செயலி. அடுத்து 2013-இல் வந்த ஹாஸ்வெல்லோடுதான் பூட் கார்டு என்ற பூட்டு அறிமுகமானது. தயாரிப்பாளர் அதை முடுக்கிவிட்டிருந்தால், அவருடைய கையொப்பச் சாவியின் ஹாஷ் (கைரேகை போன்ற எண்) சிப்செட்டுக்குள் ஃப்யூஸாக எரிக்கப்பட்டிருக்கும். அந்தச் சாவியால் போட்ட கையொப்பம் இல்லாத ஃபர்ம்வேரை எவ்வளவு சரியாக எழுதினாலும் இயந்திரம் ஓட்டாது. ஐவி பிரிட்ஜில் அந்தத் தொல்லை இல்லை. நினைவகத்தைத் துவக்கும் குறியீடும், திரையைத் துவக்கும் லிப்ஜிஎஃப்எக்ஸ்இனிட்டும் இந்தத் தலைமுறைக்குத் திறந்த மூலமாகவே கிடைக்கின்றன. செயலியின் உள்நிரலான மைக்ரோகோட், விசைப்பலகையையும் பேட்டரியையும் பார்த்துக்கொள்ளும் எம்பெடட் கன்ட்ரோலரின் ஃபர்ம்வேர், சிப்செட்டுக்குள் தனியாக ஓடும் இன்டெலின் மேனேஜ்மென்ட் எஞ்சினில் (எம்ஈ) அகற்ற முடியாமல் மிஞ்சும் ஒரு சிறு துண்டு, இந்த மூன்றும் மூடியவையாகவே இருக்கும். முழுச் சுதந்திரம் என்று எதிர்பார்த்து இறங்கினால் ஏமாற்றம்தான். ஆனால் செயலி முதலில் ஓட்டும் குறியீட்டைத் திறந்து படித்து, மாற்றி, மறுபடி எழுத முடிகிறது. அது சின்ன விஷயமே இல்லை.

திறப்பதற்கு முன்

தயாரிப்பாளரின் பழைய பயாஸ் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: எம்பெடட் கன்ட்ரோலரைப் புதுப்பிப்பது. அதன் ஃபர்ம்வேர் தனியாக ஓரிடத்தில் இருக்கிறது, கோர்பூட் அதைத் தொடுவதில்லை. தயாரிப்பாளரின் பயாஸ் புதுப்பிப்புத் தொகுப்போடு சேர்ந்துதான் அது வரும். கோர்பூட் ஏறிய பிறகு அந்தத் தொகுப்பை ஓட்ட வழியில்லை. அதைச் செய்ய வேண்டுமென்றால் பழைய பயாஸை மறுபடி எழுதி, புதுப்பித்து, திரும்பவும் கோர்பூட்டை எழுத வேண்டிவரும். குறிப்பிட்ட பேட்டரிகளை மட்டும் ஏற்கும் கட்டுப்பாடும் இந்தக் கன்ட்ரோலருக்குள்தான் இருக்கிறது. கோர்பூட் போட்டால் அது போய்விடும் என்று நினைக்க வேண்டாம், போகாது. வைஃபை கார்டுக்கான வெள்ளைப் பட்டியல் வேறு கதை. அது பயாஸுக்குள் இருப்பதால் கோர்பூட்டோடு ஒழிந்துவிடும். அனுமதியில்லாத கார்டு என்று சொல்லும் 1802 பிழை அதன் பிறகு வராது.

பயாஸில் கடவுச்சொல் எதுவும் இருந்தால் எடுத்துவிடவும். ஓடும் லினக்ஸிலிருந்து பிசிஐ சாதனப் பட்டியல், கர்னல் பதிவு, ஈதர்நெட்டின் மேக் முகவரி மூன்றையும் ஒரு கோப்பில் சேமித்து வேறு கணினிக்கு மாற்றவும். பின்னால் ஏதாவது வேலை செய்யாவிட்டால், முன்பு வேலை செய்ததா என்று ஒப்பிட இதைத் தவிர வேறு சான்று கிடையாது. நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்டை ஒரு முழுச் சுற்று ஓட்டிவிடுவதும் நல்லது. கெட்ட நினைவகக் குச்சியோடு கோர்பூட்டை முயன்றால் பழி ஃபர்ம்வேர் மேல்தான் விழும்.

கருவிகள்

வாசிக்கவும் எழுதவும் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி ஒன்று. கூடவே எட்டுக்கால் சிப்பைக் கவ்வும் எஸ்ஓஐசி-8 கிளிப் ஒன்று, 10 செ.மீ. நீளத்துக்குள் ஆறு பெண்-பெண் ஜம்பர் கம்பிகள், மல்டிமீட்டர், பூதக்கண்ணாடி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் கொஞ்சம், சிறிய பிலிப்ஸ் திருப்புளி.

பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத பொருள் கிளிப்தான். மலிவான கிளிப்பின் பற்கள் சில முறை மாட்டிக் கழற்றியதும் தளர்ந்து, சிப்பின் காலில் பாதி பட்டும் பாதி படாமலும் நிற்கும். பொமோனா 5250 விலை கூடுதல், பெரும்பாலான புரோகிராமர்களை விடவே கூடுதல். ஆனால் ஒரே அழுத்தில் உட்காரும், உட்கார்ந்த இடத்தில் நிற்கும்.

சிஎச்341ஏ என்ற மலிவான யுஎஸ்பி புரோகிராமரைப் பலர் வைத்திருக்கிறார்கள். அந்தக் கறுப்பு நிறப் பலகைகளில் ஒரு வடிவமைப்புக் கோளாறு உண்டு. சிப்புக்குப் போகும் மின்சாரம் 3.3 வோல்ட்தான், ஆனால் தரவுக் கம்பிகளில் 5 வோல்ட் வரும், ஏனென்றால் பலகையிலுள்ள சிஎச்341ஏ சிப்பே 5 வோல்ட்டில் ஓடுகிறது. எக்ஸ்230-இன் ஃப்ளாஷ் சிப்புகள் 3.3 வோல்ட்டுக்கானவை. அதே கம்பியில் தொங்கும் சிப்செட்டும் அப்படியே. சிலருக்கு ஒன்றும் ஆகாமல் தப்பித்திருக்கலாம். அதை நம்பி மதர்போர்டைப் பணயம் வைக்க வேண்டாம். பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் தரவுக் கம்பியில் மல்டிமீட்டரை வைத்து அளந்து பாருங்கள். 5-ஐ ஒட்டிக் காட்டினால் ஒதுக்கி வையுங்கள். ராஸ்பெர்ரி பையின் தரவுக் கால்கள் எல்லாமே 3.3 வோல்ட் என்பதால் இந்தக் கவலையே இல்லை.

இணைப்பு இப்படி. சிப்பின் மேல் ஒரு மூலையில் சிறு புள்ளி இருக்கும், அதுதான் 1ஆம் கால். அங்கிருந்து இடஞ்சுழியாக எண்ண வேண்டும். சிப்பின் 1ஆம் கால் பையின் 24ஆம் பின்னுக்கு, 2ஆம் கால் 21-க்கு, 4ஆம் கால் 25-க்கு, 5ஆம் கால் 19-க்கு, 6ஆம் கால் 23-க்கு, 8ஆம் கால் 17-க்கு. 3, 7 ஆகிய கால்கள் எழுத்துத் தடைக்கும் நிறுத்தி வைப்பதற்கும் உரியவை. மதர்போர்டே அவற்றை மேல்நிலையில் பிடித்து வைத்திருப்பதால் சும்மா விட்டுவிடலாம். பையின் அமைப்பில், சிப்போடு பேசும் எஸ்பிஐ இணைப்பை முடுக்க மறக்க வேண்டாம், முடுக்காவிட்டால் சாதனக் கோப்பே தோன்றாது.

திறப்பது

மின்னிணைப்பையும் பேட்டரியையும் எடுத்துவிட்டுக் கவிழ்க்கவும். அடியில் விசைப்பலகைக் குறியும் தொடுபலகைக் குறியும் போட்ட திருகுகள் ஏழு. அவற்றைக் கழற்றிய பின், விசைப்பலகையைத் திரைப் பக்கமாகத் தள்ளி முன் விளிம்பைத் தூக்கினால் வந்துவிடும். அடியில் ரிப்பன் கேபிள் இருக்கிறது, வெடுக்கென்று இழுக்கக் கூடாது. கைவைக்கும் பலகைக்கும் ஒரு கேபிள் உண்டு. கம்பியோடு இருக்கும் சிமாஸ் நாணய பேட்டரியையும் கழற்றவும். மதர்போர்டில் எங்கிருந்தும் மின்சாரம் வராமல், பை கொடுக்கும் 3.3 வோல்ட் மட்டுமே இருக்க வேண்டும்.

மதர்போர்டின் முன் விளிம்புப் பக்கம் கறுப்புக் காப்புத் தாளை மெதுவாக உரித்தால் இரண்டு எட்டுக்கால் சிப்புகள் தெரியும். திரைக்கு அருகில் இருப்பது 4 எம்பி, நம் பக்கம் இருப்பது 8 எம்பி. இரண்டும் சேர்ந்து 12 எம்பியாக இயந்திரத்துக்குத் தெரியும். பூதக்கண்ணாடியில் இரண்டின் மேலுள்ள எழுத்துகளையும் படித்துக் குறித்துக்கொள்ளவும். இது பிறகு தேவைப்படும்.

வாசிப்பு

பை அணைந்திருக்கும்போதே கிளிப்பை மாட்டி, அதன் பிறகு பையை இயக்க வேண்டும். கிளிப் மாட்டிய நிலையில் பை தானாக மறுதுவக்கமானால் இரண்டே காரணம்: கிளிப் தலைகீழாக இருக்கிறது, இல்லையென்றால் 3.3 வோல்ட் தாங்காமல் சரிகிறது. சிப்புக்குக் கொடுக்கும் மின்சாரம் மதர்போர்டின் மற்ற பாகங்களுக்கும் கசியும், அதனால்தான் தனிச் சிப்பை வாசிப்பதை விட பலகையில் இருக்கும் சிப்பை வாசிப்பது கடினம்.

சிப்பை வாசித்து எழுதும் ஃப்ளாஷ்ராம் நிரலை இயல்பு வேகத்தில் ஓட்டியபோது முதலில் சிப் எதுவும் இல்லை என்றது. ஆல்கஹால் தொட்டுக் கால்களைத் துடைத்து, கிளிப்பை மறுபடி உட்காரவைத்ததும் சிப்பை அடையாளம் கண்டது. ஆனால் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பல பெயர்களை வரிசையாகக் காட்டி, எது என்று கேட்டது. இது பிழை இல்லை. மேக்ரோனிக்ஸ் போன்ற சில தயாரிப்புகளில் வெவ்வேறு மாடல்கள் ஒரே அடையாள எண்ணைத் திருப்பித் தரும். சிப்பின் மேல் படித்துக் குறித்த பெயரை இங்கே கொடுத்தால் மேலே போகும்.

அடுத்த சிக்கல்தான் ஆபத்தானது. சிப்பின் பெயர் சரி, கோப்பின் அளவும் சரி, ஆனால் இரண்டு வாசிப்புகளின் ஷா256 ஹாஷ் ஒத்துப்போகவில்லை. ஃப்ளாஷ்ராம் எந்தப் பிழையும் சொல்லாது, வாசித்து முடித்தேன் என்றே சொல்லும். நீளமான கம்பிகளை மாற்றிக் குட்டைக் கம்பிகளைப் போட்டு, வேகத்தை 512 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைத்ததும் ஹாஷ் நிலைத்தது. ஃப்ளாஷ்ராமின் இயல்பு வேகம் இதைப் போல நான்கு மடங்கு. அந்த வேகத்தில் ஜம்பர் கம்பிகள் வழியாக அலைவடிவம் சிதைந்து, ஆயிரத்தில் ஒரு பிட் புரண்டாலும் கோப்பு கெட்டது கெட்டதுதான். 512 கிலோஹெர்ட்ஸில் 8 எம்பி வாசிக்க 2 நிமிடத்துக்குச் சற்று மேல், 4 எம்பிக்கு அதில் பாதி. இவ்வளவுதான் விலை. அதிலும் நிலைக்காவிட்டால் 128-க்கு இறக்கலாம்.

ஒவ்வொரு சிப்பையும் மூன்று முறை வாசித்து, நடுவில் ஒரு முறையாவது கிளிப்பைக் கழற்றி மாட்டி, மூன்று ஹாஷும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். அதோடும் நிறுத்தக் கூடாது. தரவுக் கம்பி ஒன்று தொடர்பறுந்திருந்தால் கோப்பு முழுவதும் ஒரே பைட்டால் நிரம்பியிருக்கும். அப்படிப்பட்ட மூன்று கோப்புகளின் ஹாஷும் அழகாக ஒத்துப்போகும்! ஹாஷ் ஒத்துப்போவது வாசிப்பு நிலையாக இருப்பதற்கு மட்டுமே சாட்சி, வாசித்தது சரி என்பதற்குச் சாட்சி இல்லை. அதற்கு உள்ளடக்கத்தைப் பார்க்க வேண்டும்.

8 எம்பி கோப்பை முன்னாலும் 4 எம்பி கோப்பைப் பின்னாலும் ஒட்டி 12 எம்பி ஆக்கி, கோர்பூட்டோடு வரும் ஐஎஃப்டிடூலிடம் கொடுத்தால் பகுதிகளைப் பிரித்துக் காட்டும். எக்ஸ்230-இல் வர வேண்டியவை: தொடக்கத்தில் பகுதிகளின் எல்லைகளையும் அனுமதிகளையும் சொல்லும் 4 கேபி டிஸ்கிரிப்டர், அடுத்து 8 கேபி ஈதர்நெட் பகுதி, அதன் பின் 5 எம்பி எல்லை வரை மேனேஜ்மென்ட் எஞ்சின், கடைசி 7 எம்பி பயாஸ். ஈதர்நெட் பகுதியின் முதல் ஆறு பைட்டும் முன்பு குறித்து வைத்த மேக் முகவரியும் ஒன்றாக இருந்தால் 8 எம்பி சிப் சரியாக வந்திருக்கிறது என்று நிம்மதியாக இருக்கலாம். 4 எம்பி கோப்பில் எழுத்துச் சரங்களைத் தேடினால் பயாஸ் செய்திகள் தென்பட வேண்டும். இந்த 12 எம்பி கோப்பு அந்த ஒரு இயந்திரத்துக்கு மட்டுமே உரியது. இன்னொருவருடைய கோப்பைப் போட்டால் மேக் முகவரியும் அவருடையதாகவே வரும். ஆகவே இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமித்த பிறகே எழுதும் வேலை.

முதல் எழுத்து: 4 எம்பி சிப் மட்டும்

இரண்டு சிப்பையும் ஒரே மூச்சில் எழுதலாம். ஆனால் திரை கறுப்பாக நின்றால் காரணம் கோர்பூட்டா, டிஸ்கிரிப்டரா, மேனேஜ்மென்ட் எஞ்சினா என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போகும். அதனால் முதலில் 4 எம்பி சிப்பை மட்டும் எழுதி, 8 எம்பி சிப்பை அப்படியே விடுவது நல்ல வழி. செயலி விழித்ததும் முதல் ஆணையை 4 ஜிபி முகவரி எல்லைக்கு 16 பைட் கீழேயிருந்து எடுக்கும். ஃப்ளாஷின் உச்சி அங்கேதான் பொருத்தப்பட்டிருக்கிறது, அந்த உச்சி 4 எம்பி சிப்பில் இருக்கிறது. ஆகவே கோர்பூட் முழுவதும் அதற்குள் அடங்கினால் போதும்.

கம்பைல் செய்யும் கணினியில் முதலில் நாட் என்ற ஏடா கம்பைலரை நிறுவவும். லிப்ஜிஎஃப்எக்ஸ்இனிட் ஏடாவில் எழுதப்பட்டது. நாட் இல்லாமலோ, ஜிசிசி-யோடு பதிப்பு பொருந்தாமலோ இருந்தால், கோர்பூட்டின் கருவித்தொகுப்பு ஏடா இல்லாமலே கட்டப்பட்டுவிடும். அதன் பிறகு அமைப்பு மெனுவில் அந்தத் திரைத் தேர்வைப் பயன்படுத்த முடியாது. அப்படியே விட்டு எழுதினால் இயந்திரம் ஓடும், ஆனால் வட்டிலிருந்து துவக்கும் சீபயாஸும், லினக்ஸை ஏற்றும் கிரப்பும் கண்ணுக்குத் தெரியாது, லினக்ஸின் ஐ915 இயக்கி ஏறிய பிறகே திரை ஒளிரும். செத்துவிட்டது என்று நினைத்து அவசரமாகக் கிளிப்பை எடுப்பதற்கு முன், ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பது நல்லது.

மெனுவில் மாற்றியவை சிலவே. தயாரிப்பாளர், மாடல், பேலோடாக (கோர்பூட் தன் வேலை முடிந்ததும் ஓட்டும் நிரலாக) சீபயாஸ், திரைக்கு லிப்ஜிஎஃப்எக்ஸ்இனிட். மைக்ரோகோட் சேர வேண்டுமென்றால் இருமக் கோப்புகளை அனுமதிக்கும் தேர்வை முடுக்க வேண்டும். இந்தச் செயலிக்கு மைக்ரோகோட் புதுப்பிப்பு இல்லாமல் ஓட்டுவதில் எந்த நன்மையும் இல்லை, சேர்க்கவும். ரோம் அளவு 12 எம்பி.

கவனமாக மாற்ற வேண்டியது சிபிஎஃப்எஸ், அதாவது ஃப்ளாஷில் கோர்பூட்டின் கோப்புகள் இருக்கும் இடத்தின் அளவு. இயல்பில் இது முழு பயாஸ் பகுதிக்கும், அதாவது 7 எம்பிக்கு இருக்கும். முதலில் ஓடும் துண்டான பூட்பிளாக் உச்சியில் உட்காரும், மற்ற கோப்புகள் அடியிலிருந்து அடுக்கப்படும். அந்த அடிப்பகுதி 8 எம்பி சிப்பின் கடைசி 3 எம்பியில் விழுகிறது. 4 எம்பி சிப்பை மட்டும் எழுதினால், பூட்பிளாக் ஓடி, அடுத்த கட்டத்தைத் தேடி, அங்கே பழைய பயாஸின் மிச்சத்தைப் பார்த்து நின்றுவிடும். வெளியே தெரிவது விளக்கு எரியும் கறுப்புத் திரை மட்டுமே. அளவை 4 எம்பியாகக் குறைத்துக் கட்டி, கிடைக்கும் 12 எம்பி இமேஜின் கடைசி 4 எம்பியை மட்டும் வெட்டி எடுத்து எழுத வேண்டும்.

எழுதும்போதும் அதே 512 கிலோஹெர்ட்ஸ். ஃப்ளாஷ்ராம் அழித்து, எழுதி, திரும்ப வாசித்துச் சரிபார்க்கும். சரிபார்ப்பு முடிந்தது என்ற கடைசி வரி வந்தால்தான் கிளிப்பைக் கழற்ற வேண்டும். சரிபார்ப்பில் தோற்றால் பதற வேண்டாம். கிளிப்பை மறுபடி உட்காரவைத்து அதே ஆணையைத் திரும்ப ஓட்டினால் சரியாகிவிடும். இந்த நிலையில் கெட்டுப்போவதற்கு ஒன்றும் இல்லை, காப்புக் கோப்பு கையில் இருக்கிறது.

முதல் துவக்கத்துக்கு ஒரே ஒரு நினைவகக் குச்சியை மட்டும் போட்டு, விசைப்பலகையைத் தளர்வாக மாட்டிப் பார்க்கவும். முதல் முறை நினைவகத்தைப் பயிற்றுவிக்க, அதாவது அதற்கேற்ற நேர அளவீடுகளைக் கண்டறிய, சற்று நேரமெடுக்கும், திரை இருட்டாகவே இருக்கும். அந்த அளவீடுகள் ஃப்ளாஷிலேயே சேமிக்கப்படுவதால் அடுத்த முறையிலிருந்து வேகமாக எழும். இரண்டாவது குச்சியைப் போட்டதும் பயிற்சி ஒரு முறை மறுபடி நடக்கும்.

லினக்ஸ் ஏறாமல் நின்ற இடம்

சீபயாஸ் வந்தது, எஸ்எஸ்டி-யைக் கண்டது, ஆனால் துவக்க வட்டு இல்லை என்றது. வட்டிலிருந்த லினக்ஸ், பழைய பயாஸுக்குப் பின் வந்த யுஇஎஃப்ஐ துவக்க முறையில் நிறுவப்பட்டது. சீபயாஸுக்கு யுஇஎஃப்ஐ தெரியாது, வட்டின் முதல் செக்டாரில் துவக்கக் குறியீட்டைத் தேடும். கோர்பூட் பழுது என்று இந்த இடத்தில் பலர் பின்வாங்குகிறார்கள். பழுது எதுவும் இல்லை.

மீண்டும் நிறுவத் தேவையில்லை. ஜிபிடி முறையில் பிரித்த வட்டில் பிரிவு அட்டவணை 33ஆம் செக்டாரோடு முடிகிறது, முதல் பிரிவு வழக்கமாக 2048ஆம் செக்டாரில் தொடங்குகிறது. நடுவிலிருக்கும் 2014 செக்டார்கள், அதாவது 1007 கேபி, காலியாகக் கிடக்கின்றன. அந்த இடத்தில் பயாஸ் பூட் வகைப் பிரிவு ஒன்றை உருவாக்கினால் கிரப்பின் மையக் குறியீடு அதில் தாராளமாக அடங்கும். பிரிவுக் கருவி இயல்பாக 1 எம்பி எல்லையில் சீரமைக்கப் பார்க்கும், ஆகவே சீரமைப்பை 1 செக்டாராக மாற்றிவிட்டு 34 முதல் 2047 வரை என்று கொடுக்க வேண்டும். லைவ் யுஎஸ்பி-யில் ஏறி, வட்டிலுள்ள அமைப்புக்குள் சிஹெச்ரூட் ஆணையால் நுழைந்து, பழைய பயாஸ் இலக்குக்கான கிரப்பை வட்டின் மேல் நிறுவினால் முடிந்தது. யுஇஎஃப்ஐ-தான் வேண்டும் என்பவர்கள் பேலோடாக யுஇஎஃப்ஐ-யைத் தரும் ஈடிகே2-வைத் தேர்ந்தெடுக்கலாம். எளிமைக்காக இங்கே சீபயாஸே தங்கிவிட்டது.

ஏறிய பிறகு பார்க்க வேண்டியவை: தூங்கி எழுதல், ஒலி, திரை வெளிச்சம், ஈதர்நெட்டின் மேக் முகவரி. சிபிமெம் என்ற சிறு கருவி கோர்பூட்டின் உள்பதிவையும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆன நேரத்தையும் லினக்ஸிலிருந்தே காட்டும். நினைவகப் பிரச்சினை இருந்தால் முதலில் தெரிவது அங்கேதான். கோர்பூட்டின் அமைப்புகளை மாற்றும் என்விரேம்டூல் வழியாக எஃப்என், கன்ட்ரோல் விசைகளை இடம் மாற்றலாம், உள்ளமை கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கும் நினைவகத்தை 224 எம்பி வரை கூட்டலாம்.

8 எம்பி சிப்பும் மேனேஜ்மென்ட் எஞ்சினும்

4 எம்பி சிப்பில் கோர்பூட் நன்றாக ஓடுகிறது என்று உறுதியான பிறகே இந்தக் கட்டம். அசல் 12 எம்பி கோப்பின் நகலை எடுத்து, அதன் மேல், மேனேஜ்மென்ட் எஞ்சினைக் குறைக்கும் எம்ஈ கிளீனரை ஓட்டவும். முழு இமேஜைக் கொடுப்பது முக்கியம். எஞ்சினை மென்மையாக நிறுத்தச் சொல்லும் பிட் டிஸ்கிரிப்டரில் இருக்கிறது, எம்ஈ பகுதியை மட்டும் தனியாகக் கொடுத்தால் அதை மாற்ற முடியாது. இந்தத் தலைமுறையில் ரோம்ப், பப் என்ற இரண்டு தொகுதிகள் மட்டும் மிஞ்சும், மற்றவை அழிக்கப்படும். ஏறக்குறைய 5 எம்பியாக இருந்தது 100 கேபிக்கும் கீழே வந்துவிடும். எல்லாவற்றையும் அழிக்க முடியாததற்குக் காரணம் உண்டு: செல்லுபடியாகும் எம்ஈ இல்லையென்று சிப்செட் கண்டால் 30 நிமிடத்தில் இயந்திரம் தானாக அணைந்துவிடும்.

அடுத்து ஐஎஃப்டிடூலால் டிஸ்கிரிப்டரின் பூட்டைத் திறக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால், பின்னால் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் மறுபடி திருகுகளைக் கழற்ற வேண்டிவரலாம். ஐஎஃப்டிடூல் மூலக் கோப்பை மாற்றாது. பெயரின் முடிவில் நியூ என்று சேர்த்து வேறொரு கோப்பை உருவாக்கும். அந்தப் புதிய கோப்பிலிருந்துதான் டிஸ்கிரிப்டர், எம்ஈ, ஈதர்நெட் பகுதிகளைப் பிரிக்க வேண்டும். பழைய கோப்பிலிருந்து பிரித்துவிட்டால் எல்லாம் ஓடும், பூட்டு மட்டும் அப்படியே இருக்கும், அது தெரிய வருவது மாதங்கள் கழித்துத்தான்.

மூன்று கோப்புகளின் இடத்தையும் மெனுவில் கொடுத்து, சிபிஎஃப்எஸ் அளவை 7 எம்பிக்கு மாற்றிக் கட்டவும். எம்ஈ சுருங்கியதால் கிடைக்கும் இடத்தையும் பயாஸ் பகுதியோடு சேர்த்து 11 எம்பிக்கு மேல் ஆக்க முடியும். லினக்ஸ் கர்னலையே ஃப்ளாஷில் வைக்கும் ஹெட்ஸ் போன்ற பேலோடுகளுக்கு அந்த இடம் வேண்டும். சீபயாஸுக்கு 7 எம்பியே மிக அதிகம், எல்லைகளை நகர்த்துவது வீண் வேலை. இமேஜின் முதல் 8 எம்பி ஒரு சிப்புக்கு, கடைசி 4 எம்பி மற்றதற்கு. இரண்டையும் எழுதி, சரிபார்த்து, இயக்கி, 30 நிமிடம் தாண்டியும் ஓடுகிறதா என்று பார்த்த பிறகு கைப்பலகையைத் திருகலாம்.

திறக்காமலே புதுப்பிப்பது

இனி லினக்ஸிலிருந்தே எழுதலாம். கர்னல் அளவுருக்களில் ஐஓமெம் என்பதை ரிலாக்ஸ்டு என்று வைத்து ஒருமுறை துவக்கினால்தான் ஃப்ளாஷ்ராமால் உள்வழியாகச் சிப்பை அணுக முடியும். வேலை முடிந்ததும் அதை எடுத்துவிடவும். டிஸ்கிரிப்டரைப் படித்து பயாஸ் பகுதியை மட்டும் எழுதச் சொன்னால் எம்ஈ, ஈதர்நெட் பகுதிகள் தொடப்படாது. எழுதும் முன் இப்போதைய நிலையை வாசித்துச் சேமிக்கவும். நடுவில் தோற்றால் எக்காரணம் கொண்டும் மறுதுவக்கம் செய்யாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் நினைவகத்தில் இருக்கிறது, ஃப்ளாஷ் கெட்டிருந்தாலும் அது தொடர்ந்து ஓடும். அந்த அமர்விலேயே சேமித்த கோப்பைத் திரும்ப எழுதிவிட்டால் கிளிப் தேவைப்படாது.

வைஃபை கார்டையும் மாற்றலாம். ஏத்தெரோஸ் ஏஆர்9462 அரையளவு மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு, ஏடிஎச்9கே இயக்கியில் வைஃபைக்கு எந்த ஃபர்ம்வேர் கோப்பும் கேட்காது. அதே கார்டின் புளூடூத் பகுதி மட்டும் கேட்கும். வேகம் 802.11என் வரைதான். புதிய இன்டெல் கார்டுகள் இதை விட வேகமானவை, ஆனால் மூடிய ஃபர்ம்வேர் கோப்பு இல்லாமல் அவை ஓடாது. இது அவரவர் முடிவு.

அடுத்த இயந்திரத்துக்கு

அடுத்த முறை கைப்பலகையை ஒரே முறை திறந்து எல்லாவற்றையும் முடிக்க வேண்டும்: வைஃபை கார்டு, விசிறித் தூசு, வெப்பப் பசை. இரண்டு கிளிப் இருந்தால் இரு சிப்புகளிலும் ஒன்றொன்றை மாட்டிவிட்டு, பையின் பக்கம் மட்டும் கம்பிகளை மாற்றிக்கொள்ளலாம். சிப்பின் கால்கள் தேய்வது குறையும். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மட்டுமே மின்சாரம் கொடுக்கவும்.

வேறு மாடலில் முயல்பவர்கள் வாங்கும் முன்பே மூன்றைப் பார்க்க வேண்டும். பூட் கார்டு முடுக்கப்பட்டதா? கோர்பூட்டின் மாடல் பட்டியலில் அது இருக்கிறதா? சிப் எந்த வடிவம், எத்தனை வோல்ட்? புதிய மெல்லிய லேப்டாப்களில் வரும் டபிள்யூஎஸ்ஓஎன்-8 சிப்புகளுக்கு வெளியே நீட்டிய கால்களே கிடையாது. கிளிப் கவ்வாது, அழுத்திப் பிடிக்கும் ஊசிமுனைப் புரோபோ சாலிடரோதான் வழி. அவற்றில் பல 1.8 வோல்ட் சிப்புகள் வேறு. பையை நேராக இணைக்கக் கூடாது, நடுவில் மின்னழுத்த மாற்றி வேண்டும். இவ்வளவுக்கும் மனமில்லாதவர்களுக்கு கோர்பூட்டோடே விற்கப்படும் சிஸ்டம்76, ஸ்டார் லேப்ஸ், பியூரிசம் லேப்டாப்கள் இருக்கின்றன. குரோம்புக்குகளிலும் தொழிற்சாலையிலிருந்தே கோர்பூட்தான் வருகிறது. பழையவற்றில் எழுத்துத் தடைத் திருகு ஒன்றைக் கழற்றினால் ஃப்ளாஷ் திறந்துகொள்ளும்.